சனிக்கிழமைப் படம்

அளக்கரைப்பட்டினத்து முனிசிபல் சேர்மன் ராவ்சாகிப் தாணுமாலயனுக்கு ஒரு சனிக்கிழமை காலையில் வால் முளைத்தது. காப்பி வருகிற வரைக்கும் கட்டிலில் புரண்டுகொண்டிருந்தவர், இடுப்புக்குக் கீழே என்னவோ உறுத்துகிறது என்று மனைவியைக் கூப்பிட, அந்த அம்மாள் சன்னலைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, போய்க் கதவைத் தாழிட்டு வந்து, "வாலுதான். நரிவால் மாதிரி இருக்கு. நுனியிலே கொஞ்சம் வெள்ளை," என்றாள். அதே நேரம் கடைத்தெருவில் கட்டுப் பிரித்துப் போட்டிருந்த 'தென்கரைத் தூதன்' வாரப் பத்திரிகையின் முதல் பக்கத்தில், தலைப்பாகையும் கோட்டும் அணிந்த நரி ஒன்று, ஊர் குடிக்கிற ஊருணித் தண்ணீரைக் குழாய் போட்டுத் தன் தென்னந்தோப்புக்கு இழுத்துக்கொண்டிருந்தது. அதன் கோட்டுக்குக் கீழே புசுபுசுவென்று ஒரு வால் தொங்கியது, நுனியில் கொஞ்சம் வெள்ளையோடு.

அதற்கு முன்னும் அந்தப் பத்திரிகையில் படங்கள் வந்ததுண்டு. யாருக்கும் ஒரு மயிர்கூடக் கூடுதலாக முளைத்ததில்லை. ஏன் அந்தச் சனிக்கிழமை, ஏன் அந்தப் படம் என்று அளக்கரையில் அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. மழை பெய்தால் குடை விரிக்கிற ஊர் அது, மேகம் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கிற ஊர் இல்லை.

படத்தைப் போட்டவன் பெயர் குத்தாலம். கடற்கரையில் தோணி கட்டுகிற தச்சர் வீட்டுப் பிள்ளை. தோணிக்கு அறுத்துக் கழித்த பலகைத் துண்டு எது கையில் கிடைத்தாலும் அதில் யாராவது ஒருவருடைய முகத்தை உளியால் எடுத்துவிடுவான், எடுத்த முகத்தில் அந்த ஆள் ஊருக்குக் காட்டாமல் வைத்திருக்கிற ஏதோ ஒன்று தானாக வந்து உட்கார்ந்துவிடும். பட்டறைக்கு வந்த தோணி முதலாளி ஒருவர் தன் முகத்தைத் தானே ஒரு மரச் சிராயில் பார்த்துவிட்டுப் போன பிறகு அப்பா அவனைப் பட்டறையை விட்டு அனுப்பினார். அவனுக்குத் தூதன் அச்சாபீசில் வேலை கிடைத்தது. விளம்பரங்களுக்கு மரக்கட்டையில் படம் செதுக்குகிற வேலை. கூந்தல் தைலப் புட்டி, குடை, லேகியம் சாப்பிட்டுத் தோள் திரண்ட பயில்வான். அச்சில் நேராக விழ வேண்டுமென்றால் கட்டையில் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும், அதனால் எல்லாவற்றையும் எதிர்ப்பக்கமாகப் பார்க்கிற பழக்கம் அவன் கண்ணுக்கு வந்திருந்தது.

பத்திரிகை ஆசிரியர் ஆவுடையப்பன் சிறைக்குப் போய் வந்தவர், தலையங்கம் எழுதும்போதே அழுதுவிடுகிற ஆள். ஒரு வாரம் அவர் எழுதிய தலையங்கத்தைப் போலீஸ் எடுக்கச் சொல்லிவிட, பக்கத்தின் நடுவில் ஒரு பெரிய வெற்றிடம் விழுந்தது. "இந்த ஓட்டையிலே எதையாவது போட்டு அடையும்வே," என்று குத்தாலத்திடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவன், தாசில்தார் மேசைமேல் குறட்டை விடுகிற மாதிரியும், அவர் மூக்கிலிருந்து வருகிற காற்றில் ஊர்க்காரர்களின் மனுக்கள் பறந்துபோகிற மாதிரியும் செதுக்கினான். அளக்கரையில் பத்திரிகையைப் பார்த்து ஒருவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. எழுத்துத் தெரியாத வண்டிக்காரர்களும் மீன்காரிகளும் பத்திரிகை வாங்கினார்கள். குத்தாலத்துக்கு அன்றைக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. ஊர் கூடி ஒருத்தனைப் பார்த்துச் சிரித்தால் அவன் மறுநாள் தெருவில் இறங்க வெட்கப்படுவான், வெட்கப்பட்டவன் திருந்துவான். இந்த நம்பிக்கையில்தான் அவன் ராவ்சாகிப்பின் நரியைச் செதுக்கினான்.

முதல் வாரம் ஊர் சிரிக்கத்தான் செய்தது. வண்டிப்பேட்டையில் சிரித்தார்கள், மீன் ஏலத்தில் சிரித்தார்கள், கோயில் மதிலுக்குப் பின்னால் போய் நின்று சிரித்துவிட்டு வந்து சாமி கும்பிட்டார்கள். ராவ்சாகிப் வெளியே தலைகாட்டவில்லை. டாக்டர் வந்து வாலைத் தட்டிப் பார்த்து, நல்ல எலும்பு, நல்ல ரத்த ஓட்டம், வெட்டினால்தான் ஆபத்து என்று சொல்லிவிட்டுப் போனார். சோசியர் வந்து, வால் என்பது ஆஞ்சநேய அம்சம், நரியா குரங்கா என்பதெல்லாம் பார்க்கிறவன் கண்ணைப் பொறுத்தது என்று சொல்லித் தட்சிணை வாங்கிக்கொண்டார். தையல்காரர் மொகிதீன் கோட்டின் பின்பக்கம் ஒரு வழி வைத்து, அந்த வழிக்குச் சரிகைக் கரை போட்டுத் தைத்தார். ராவ்சாகிப் கவுன்சில் கூட்டத்துக்கு மறுபடி வந்தபோது உறுப்பினர்கள் எழுந்து நின்றார்கள், நாற்காலியின் பின்னால் வாலுக்கென்று ஒரு சின்ன மெத்தை போடப்பட்டிருந்தது. அந்தப் பக்கமாக முகாம் வந்த வெள்ளைக்காரக் கலெக்டர் அவர் கையைக் குலுக்கி, வாலையும் நலம் விசாரித்துவிட்டுப் போனார், அன்றோடு ஊரில் சிரிப்பு நின்றது. வரியைக் குறைக்கச் சொல்லி மனுக் கொடுக்கப் போகிறவர்கள் அதற்குப் பிறகு முன்பக்கம் ஒரு கும்பிடும் பின்பக்கம் ஒரு கும்பிடும் போட்டார்கள். ஊருணித் தண்ணீர் தென்னந்தோப்புக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு படம் போதவில்லை போலிருக்கிறது என்று குத்தாலம் நினைத்தான். கோயில் சொத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த தர்மகர்த்தாவைப் பெருச்சாளியாகப் போட்டான், அவருக்கு விடிந்ததும் முன்பல் நீண்டு மீசை விறைத்தது. இரண்டு கட்சிக்காரனிடமும் பணம் வாங்கிக்கொண்டு வாய்தா வாங்குகிற வக்கீலைக் கொக்காகப் போட்டான், அவருக்குக் கழுத்து வளர்ந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதாவதொரு மாடிவீட்டில் கதவு தாழிடப்பட்டது, அடுத்த சனிக்கிழமைக்குள் அதே வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் கட்டப்பட்டது. வக்கீல் வீட்டில் பெண் எடுக்க வந்தவர்கள், கழுத்து வம்சத்தில் தொடருமா என்று ஆவலாக விசாரித்தார்கள். தர்மகர்த்தாவின் பல்லுக்குத் தங்கப்பூண் போட்டார்கள். தெருவில் இரண்டு பெரிய மனிதர்கள் சந்தித்தால், படம் வந்தவர் நடுத்தெருவில் நடந்தார், படம் வராதவர் ஓரமாக ஒதுங்கினார்.

ஒருநாள் மளிகைக்கடை பரமார்த்தலிங்கம் வாழைத்தாரோடு அச்சாபீசுக்கு வந்து, செதுக்கு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, நானும் அரிசியிலே கல்லு கலக்கத்தான் செய்யுதேன். உமக்குத் தெரியாதா என்ன."

"தெரியும்," என்றான் குத்தாலம்.

"பின்னே என்னை ஏன் விட்டுட்டீரு? பெரிசா ஒண்ணும் வேண்டாம். சின்னதா ஒரு கொம்பு போதும். கவுன்சில் எலக்சன் வருதுல்லா."

குத்தாலம் வாழைத்தாரைத் திருப்பி அனுப்பினான். பரமார்த்தலிங்கம் அந்த எலக்சனில் தோற்றார், கொம்பில்லாத ஆளுக்கு யார் ஓட்டுப் போடுவார்கள் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வருத்தப்பட்டார்.

வீட்டில் குத்தாலத்தின் மனைவி கோமு, "நீங்க வையுதீக, அவுக வாழ்த்துன்னு எடுத்துக்கிடுதாக," என்றாள். "வையுறதை நிறுத்திட்டு வேற ஏதாவது பண்ணுங்க." அவனுக்கு வேறெதுவும் பண்ணத் தெரியாது. அது அவளுக்கும் தெரியும்.

ராவ்சாகிப் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது, அடிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். அங்கே ஊரின் பெரிய மனிதர்கள் எல்லோரும் கொம்பும் பல்லும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தார்கள். ராவ்சாகிப் அவனுக்குச் சால்வை போர்த்தினார். "ஏலே, உங்க அப்பன் என் தோணிக்கு ஆணி அடிச்சவன். நீ எனக்கு வால் குடுத்தவன். ரெண்டு பேரையும் மறக்க மாட்டேன்," என்றார். சபை கைதட்டியது.

"ஊர்த் தண்ணியைத் தோப்புக்குக் கொண்டு போறதைத்தான் நான் போட்டேன்," என்றான் குத்தாலம், சால்வைக்குள்ளிருந்து.

"அதையும் போடு. தோப்பு படத்திலே நல்லா விழுந்திருந்துச்சு," என்றார் ராவ்சாகிப்.

அந்தச் சால்வையை அவன் வழியில் எங்கோ விட்டுவிட்டு வந்தான். பெரியவர்களை வரைந்து இனிப் பயனில்லை, பெரியவர்கள் யார் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களை வரைய வேண்டும் என்று அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது.

அளக்கரைக்குத் தெற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை உப்பளம், அவ்வளவும் ராவ்சாகிப்புக்குச் சொந்தம். வெயில் மேலிருந்தும் உப்பிலிருந்தும் இரண்டு பக்கமும் அடிக்கிற இடம் அது. பாத்தியில் வாரிய உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்து, வரப்பு வழியே வரிசையாக நடந்து அம்பாரத்தில் கொட்டுகிறவர்களின் கால் புண் எந்தக் காலத்திலும் ஆறாது. குடிக்கத் தண்ணீர் கிடையாது, தண்ணீர் வண்டி உப்புக் கம்பெனிக் கட்டடத்தோடு நின்றுவிடும். அந்த வருஷம் சவரியான் என்கிறவன் அவர்களைச் சேர்த்து ஒரு சங்கம் கட்டி, குடிதண்ணீர், ஒதுங்க ஒரு கொட்டகை, கூலியில் கொஞ்சம் கூடுதல் என்று மூன்றைக் கேட்டு, கிடைக்கிற வரைக்கும் கூடையைத் தொடமாட்டோம் என்று எல்லோரையும் உட்காரவைத்திருந்தான். அவன்தான் குத்தாலத்தை உப்பளத்துக்குக் கூட்டிப்போனான். கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்த மாசானம் என்ற நெடிய மனிதனை அங்கேதான் குத்தாலம் பார்த்தான். பக்கத்தில் அவன் மனைவி முப்பிடாதி, அவள் மடியில் தலை வைத்துப் படுத்தபடி ஐந்தாறு வயசுப் பெண் குழந்தை.

மாசானத்தின் விலாவையும் தோள்பட்டையையும் பார்த்தவுடனேயே குத்தாலத்தின் மனதில் படம் விழுந்துவிட்டது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னான்.

"நான் படம் போட்டா ஆளு அதுமாதிரி ஆயிருதாங்க. ஊருக்கே தெரியும். உமக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது."

"எங்களுக்கு இனிமே ஆகுறதுக்கு என்னய்யா இருக்கு," என்றான் மாசானம். "போடுங்க. பாக்குறவன் வயிறு எரியணும்."

முப்பிடாதி குழந்தையின் முகத்தில் வெயில் படாமல் முந்தானையை இழுத்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை வந்த படத்தில், உப்பு அம்பாரத்தின் உச்சியில் நரி உட்கார்ந்திருந்தது. கீழே, தலையில் கூடையைச் சுமந்துகொண்டு ஓர் எலும்புக்கூடு ஏறிக்கொண்டிருந்தது. குத்தாலம் அதுவரை செதுக்கியதிலேயே அதுதான் சிறந்தது. ஆவுடையப்பன் கட்டையைப் பார்த்ததும் அழுதார். விடிந்ததும் முப்பிடாதியின் குடிசையில் மாசானம் படுத்திருந்த பாயில் ஓர் எலும்புக்கூடு எழுந்து உட்கார்ந்தது. தோல் இல்லை, சதை இல்லை. கண் குழியில் பார்வை மட்டும் இருந்தது, குரல் பழைய குரலாகவே இருந்தது.

ஊர் துடித்துப்போயிற்று. வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். பெண்கள் அழுதார்கள், பஜனை கோஷ்டிக்காரர்கள் கஞ்சித் தொட்டி திறந்தார்கள், சென்னைப் பத்திரிகைகள் படத்தை எடுத்துப் போட்டன. உப்பளத்தை விசாரிக்க ஒரு பெரிய ஆபீசரை அனுப்புவதாகச் சர்க்கார் அறிவித்தது. சவரியான் குத்தாலத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. ஆபீசர் வருவதற்குத் தாமதமானது. தாமதமாக ஆக, ஊர் பழகிக்கொண்டது. வண்டிகள் குறைந்தன. உடற்கூறு பாடம் நடத்துகிற வாத்தியார் மாணவர்களை வரிசையாகக் கூட்டிவந்து, மாசானத்தை வெயிலில் நிறுத்தி, குச்சியால் தொட்டுத்தொட்டு எலும்புகளின் பெயரைச் சொல்லிக்கொடுத்தார். மாசானம் பொறுமையாகத் திரும்பித் திரும்பி நின்றான். கவுன்சிலில் ராவ்சாகிப், "குடிதண்ணி கேக்காங்க. எலும்புக்கு எதுக்கு தண்ணி," என்றபோது மெத்தைமேல் வால் ஆடியது. உறுப்பினர்கள் அதிலும் ஒரு நியாயம் இருப்பதாக ஒப்புக்கொண்டார்கள்.

ஆபீசர் வருகிற தேதி தெரிந்த வாரத்தில் முப்பிடாதி அச்சாபீசுக்கு வந்தாள். சவரியானும் அங்கே இருந்தான். அவள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வராமல், கதவைப் பிடித்துக்கொண்டு குத்தாலத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அய்யா, பிள்ளை அவுக பக்கத்திலே போக மாட்டேங்கு. கூப்பிட்டா அலறுது. கஞ்சி ஊத்தினா குடிக்காக, குடிச்சது அப்படியே விலா வழியா தரையிலே வந்து நிக்கி. துடைச்சுட்டு மறுபடி குடிக்காக. போட்ட கைக்கு எடுக்கவும் தெரியும்லா. எடுத்துருங்க."

"இன்னும் கொஞ்ச நாளு பொறுத்துக்கோ தாயி," என்றான் சவரியான். "ஆபீசர் வந்து கண்ணாலே பாக்கட்டும். அவரு பாத்துட்டாருன்னா தண்ணி வரும், கூலி வரும், எல்லாருக்கும் வரும். மாசானம் சம்மதிச்சுத்தான் நிக்கான்."

"அவுக சம்மதிச்சாக. நான் சம்மதிக்கலை," என்றாள் முப்பிடாதி. "உங்க வீட்டு ஆளுன்னா பொறுப்பீகளா அண்ணே."

அவள் போன பிறகும் சவரியான் கதவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாத்திப் போட்டுராதேயும்வே, உம்மைக் கும்பிடுதேன்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் ஆவுடையப்பன் தானாகவே பேச்சை எடுத்தார். ராவ்சாகிப் பத்திரிகைக்குப் புது அச்சு இயந்திரம் வாங்கித் தருவதாகச் சொல்லி, அது துறைமுகத்தில் வந்து இறங்கியும் விட்டது. "எலும்பா நிக்குறவனை மறுபடி மனுசனாக்குறது பாவமா வே?" என்றார். அவர் கண்ணில் அன்றைக்குக் கண்ணீர் இல்லை. யார் சொல்லி அவர் பேசுகிறார் என்று குத்தாலத்துக்குத் தெரிந்தது. சவரியான் கேட்பது நியாயம் என்பதும் தெரிந்தது. ஆனால் கண்ணை மூடினால், விலா வழியாக ஒழுகுகிற கஞ்சியும் அதைக் குனிந்து துடைக்கிற எலும்புக் கையும்தான் தெரிந்தன. அவன் உளியை எடுத்தான்.

மாசானம் முன்பு எப்படி இருந்தானோ அப்படியே, கூடுதல் குறைச்சல் இல்லாமல் செதுக்கிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகுதான் மாசானத்தின் முகம் தனக்கு நினைவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. உப்பளத்தில் அன்றைக்கு அவன் பார்த்தது எலும்பைத்தான், முதல் பார்வையிலிருந்தே எலும்பைத்தான். கன்னம் எப்படி இருந்தது, மூக்கு எப்படி, சிரித்தால் எந்தப் பக்கம் கோணும் என்று எதுவும் அவன் கண்ணில் தங்கவில்லை. சதையுள்ள உடம்பென்று அவன் கைக்குப் பழக்கமானது ஒன்றே ஒன்றுதான், வருஷக்கணக்காகச் செதுக்கிய லேகிய விளம்பரப் பயில்வான். கை அந்த வழியே போயிற்று. தோள் திரண்டது, கன்னம் உப்பியது, வயிறு விருந்து சாப்பிட்டவனின் வயிறாக வட்டமாக வந்தது. பரிகாரம் செய்கிற கை கொஞ்சம் தாராளமாகத்தான் போகும். போதும் என்று அவனுக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை காலையில் குழந்தை முதலில் விழித்து, அப்பாவின் கன்னத்தைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. முப்பிடாதி அழுதாள். அடுத்த நாளே ஆபீசர் வந்தார். ராவ்சாகிப் அவரை நேராக மாசானத்திடம் கூட்டிப்போய், தூதனை விரித்துப் பிடித்துக்கொண்டு, நீங்கள் கேள்விப்பட்ட எலும்புக்கூடு இதுதான் என்றார். ஆபீசர் மாசானத்தின் புஜத்தை அமுக்கிப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், சிரித்தார். சவரியான் மற்றவர்களின் கால்களைக் காட்ட ஓடினான், அதற்குள் வண்டி திரும்பிவிட்டது. பங்களாவில் விருந்து சாப்பிட்டுவிட்டு ஆபீசர் சென்னைக்குப் போனார். திங்கட்கிழமை எல்லோரும் கூடையை எடுத்தார்கள்.

ஊரை விட்டுப் போகிற அன்று சவரியான் அச்சாபீசுக்கு வந்தான். திட்டவில்லை. "பட்டினி கிடந்து செத்திருந்தாக்கூட ஜெயிச்சிருப்போம்வே," என்றான். "நீரு எங்களுக்குச் சோறு போட்டுட்டீரு."

மாசானத்தின் உடம்பு பயில்வான் உடம்பாக இருந்தது. பசி அவனுடைய பழைய பசியாகவே இருந்தது. அந்தத் தோளைப் பார்த்த மேஸ்திரி அவன் தலையில் இரண்டு கூடை ஏற்றினார். அந்த வயிற்றைப் பார்த்த பஜனை கோஷ்டிக்காரர்கள், உனக்கெல்லாம் கஞ்சி ஊற்றினால் ஏழைக்கு என்ன ஊற்றுவது என்று தொட்டியிலிருந்து விரட்டினார்கள். பசிக்கிறது என்று அவன் சொன்னால், நல்ல நகைச்சுவை கேட்ட மாதிரி தெருவில் சிரித்தார்கள். குத்தாலம் தன் வீட்டிலிருந்து சோறு கொண்டுபோய்க் கொடுத்தான். கோமு பானை பானையாக வடித்தாள். தின்றதெல்லாம் படத்தில் இருந்த சதைக்கே போயிற்று, மாசானத்துக்குப் போய்ச் சேரவில்லை. திரண்ட தோளுக்குள்ளே அவன் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டிருந்தான், வெளியிலிருந்து பார்க்க அது யாருக்கும் தெரியவில்லை.

பங்குனி வெயிலில் அவன் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டான். குத்தாலம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தபோது, உருண்டைக் கன்னங்களோடு அவனைப் பார்த்துச் சிரித்தான்.

"நல்லாத்தான் போட்டிருந்தீக அய்யா," என்றான். "பசியை மட்டும் எடுக்க விட்டுப்போச்சு."

மறுநாள் இறந்துபோனான். பாடையைத் தூக்க வழக்கமான ஆட்கள் போதவில்லை, கூடுதலாக ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. கடைத்தெரு வழியாகப் போகும்போது, "தின்னே செத்திருக்கான்," என்று பரமார்த்தலிங்கம் கடையில் உட்கார்ந்திருந்த யாரோ சொன்னார்கள். பாடைக்குப் பின்னால் நடந்துவந்த குத்தாலத்தின் காதில் அது விழுந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு முப்பிடாதி ஒருநாள் அவனை வழியில் நிறுத்தினாள். கூடை அவள் இடுப்பில் இருந்தது.

"அய்யா, எனக்கு ஒண்ணு செய்யுங்க. இனிமே எங்க சனத்திலே யாரையும் போடாதீக. கோரமாவும் போட வேண்டாம், அழகாவும் போட வேண்டாம். எங்களை விட்டுருங்க."

"போட மாட்டேன்," என்றான் குத்தாலம். அது சத்தியமாகவே அவனுக்குப் பட்டது, அவன் வாழ்க்கையில் யாருக்கும் அதற்குமுன் சத்தியம் செய்து கொடுத்ததில்லை.

சத்தியத்தை அவன் காப்பாற்றவும் செய்தான். சில வாரம் வெறும் தைலப் புட்டிகளைச் செதுக்கினான். பிறகு அந்த வருஷத்து உப்பு கப்பலேறி, ராவ்சாகிப்புக்குத் திவான்பகதூர் பட்டம் வருகிறது என்ற செய்தி வந்தபோது அவன் கை சும்மா இருக்கவில்லை. வானத்தைத் தொடுகிற உப்பு அம்பாரத்தின்மேல் நரி முடி சூட்டிக்கொள்வதாக ஒரு படம் போட்டான். உப்பு தானாக மேலே ஏறாது, ஏற்றுகிறவர்களைப் போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. அதனால் வரப்பு வழியே கூடைகளை மட்டும் வரிசையாக, ஆள் தலை உயரத்தில், அந்தரத்தில் போட்டான். கூடைக்குக் கீழே வெறும் வெள்ளைத் தாள். பார்க்கிறவன் அந்த வெள்ளையைப் பார்த்துக் கேட்பான், கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று நினைத்தான். வாக்கும் தப்பவில்லை, அடியும் தப்பவில்லை என்று அன்றைக்கு மாசானம் செத்ததிலிருந்து முதல் தடவையாக வயிறு நிறையச் சாப்பிட்டான்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து அளக்கரை உப்பளத்தில் ஆள் யாரும் தெரியவில்லை. கூடைகள் மட்டும் வரப்பில் நடந்தன. நிறைந்த கூடைகள் அம்பாரத்துக்குப் போயின, காலிக் கூடைகள் பாத்திக்குத் திரும்பின.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஏனென்றால் முன்பும் அவர்கள் அந்தப் பக்கம் பார்த்தால் கூடைகளைத்தான் பார்த்தார்கள். உண்மையில் பலருக்கு என்ன மாறியிருக்கிறது என்றே புரியவில்லை. கூலி நாளில் கம்பெனி வாசலில் குரல்கள் கேட்டன, குரலுக்குக் கூலி கொடுக்கிற வழக்கம் எந்தக் கம்பெனியிலும் கிடையாது என்று மேஸ்திரி கதவைச் சாத்தினார். வேலை நின்றுபோகக் கூடாது என்பதற்காக வாரத்துக்கொரு மூட்டை நொய்யரிசியை மேட்டில் அவிழ்த்துவைக்கச் சொன்னார் திவான்பகதூர். பொழுது சாய்வதற்குள் மூட்டை காலியாயிற்று, எலித்தொல்லை கூடிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். உப்பு முன்னைவிட வெள்ளையாக இருப்பதாகச் சொல்லி அதிக விலைக்கு விற்றார்கள்.

குத்தாலம் ஒரு வாரம் கட்டையும் உளியுமாக உட்கார்ந்து பார்த்தான். மறுபடி அவர்களைக் கொண்டுவர வேண்டுமென்றால் வாக்கை மீறி வரைய வேண்டும். எலும்பாக வரைந்தால் எலும்பாக வருவார்கள், சதையாக வரைந்தால் பசித்த சதையாக வருவார்கள். உள்ளபடி வரைய வேண்டும். உள்ளபடி என்றால் எப்படி என்று பார்த்து வரத்தான் அவன் காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனான்.

நல்ல உச்சி வெயில். கூடைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அவன் ஒற்றை வரப்பின் நடுவில் போய் நின்றான். முன்னால் வந்த கூடை அவன் மார்புக்குக் கொஞ்சம் எட்டத்தில் நின்றது, அதன் பின்னால் மற்றவையும் ஒவ்வொன்றாக நின்றன. கூடையின் விளிம்பிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டியது. சொட்டிய நீர், காற்றில் எதன்மேலோ பட்டு வழிந்து கீழே இறங்கியது.

"யாரு, படம் போடுற அய்யாவா," என்றது முப்பிடாதியின் குரல்.

"நான் வாக்கு மாறலை அம்மா. கூடையைத்தான் போட்டேன்."

"தெரியும்."

"பிள்ளை எங்கே?"

"எனக்குப் பின்னாலே ரெண்டாவது கூடை."

குத்தாலம் எட்டிப் பார்த்தான். மற்றவற்றைவிட உயரம் குறைந்து, சின்னதாக ஒரு கூடை அங்கே நின்றது. காகிதத்தைத் தொடையில் வைத்து அழுத்திக்கொண்டான்.

"உன் முகம் எப்படி இருக்கும்னு சொல்லு அம்மா. நெத்தி எப்படி, கண்ணு எப்படின்னு நீயே சொல்லு. சொல்லுறபடியே போடுதேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

பின்னால் யாரோ இருமினார்கள்.

"இத்தனை நாளும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீக," என்றாள் முப்பிடாதி. பிறகு, "தலைச்சுமையோட ரொம்ப நேரம் நிக்க முடியாது அய்யா. வழி விடுங்க," என்றாள்.

வரப்பில் இரண்டு பேர் விலக இடமில்லை. குத்தாலம் பாத்தியில் இறங்கி, கணுக்கால் வரைக்கும் உப்புத் தண்ணீரில் நின்றான். கூடைகள் அவனைக் கடந்து போயின.